கார்டீனியா வளர்ப்பு: டர்பன் முற்றத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு மதிலோரம் நான் நட்ட முதல் இரண்டு கார்டீனியாவும் ஒன்றரை வருஷத்துக்குள் போய்விட்டன. உரம் போதவில்லை என்று நினைத்து உரம் போட்டேன், தண்ணீர் போதவில்லை என்று நினைத்துத் தண்ணீர் விட்டேன். இரண்டும் வேலைக்காகவில்லை. மூன்றாவதை வேறு இடத்தில், வேறு மண்ணில் வைத்தேன். அது இன்று என் தோளுயரம் நிற்கிறது.

அப்புறம் உறவுக்காரர்கள், பக்கத்து வீட்டார் என்று பல பேருக்கு நட்டுக் கொடுத்தேன். எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். தவறு நடுவதற்கு முன்பே நடந்திருக்கும், அதை நட்ட பிறகு தேடிக்கொண்டிருப்பார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. முதலில், உங்களிடம் இருப்பது கார்டீனியாதானா?

நந்தியாவட்டையை வைத்துக்கொண்டு கார்டீனியா என்று நம்பும் வீடுகள் நிறைய உண்டு. இரண்டும் பளபளக்கும் பச்சை இலை, வெள்ளைப் பூ. ஓர் இலையைக் கிள்ளிப் பாருங்கள். பால் வடிந்தால் நந்தியாவட்டை, அது அரளிக் குடும்பம். பால் வராவிட்டால் கார்டீனியாவாக இருக்கலாம். இது காபிச் செடி, இட்லிப் பூ இவற்றின் குடும்பம். இந்தச் சோதனையைச் செய்தே ஆக வேண்டும், ஏனென்றால் நந்தியாவட்டை எந்த மண்ணையும் தாங்கிக்கொள்ளும். அதை வளர்த்த பழக்கத்தில் கார்டீனியாவையும் வளர்த்தால் செடி போய்விடும்.

கடையில் கேட்கும்போது அளவையும் கேளுங்கள். ‘மேக்னிஃபிகா’ பெரிய பூ, ஆளுயரம் வரை போகும். ‘ராடிக்கன்ஸ்’ முழங்கால் உயரத்தைத் தாண்டாது, பக்கவாட்டில் படரும், தொட்டிக்கு அதுதான் ஏற்றது. ஆப்பிரிக்கான்ஸ் பேசுபவர்கள் ‘காட்கிபீரிங்’ என்று சொல்வதும் இதைத்தான். ஆனால் அதே பெயரில் நம் தென்னாப்பிரிக்காவின் காட்டுச் செடியான ‘கார்டீனியா துன்பெர்ஜியா’வும் விற்பனைக்கு வரும். அது ஒற்றை அடுக்குப் பூ, சாம்பல் நிறத் தண்டு, கல் போன்ற காய், சிறு மரமாக நிற்கும். நல்ல செடிதான், ஆனால் இந்த வழிகாட்டி அடுக்குப் பூ உள்ள சீனக் கார்டீனியாவுக்கு.

பூவும் மொட்டுமாக நிற்கும் செடியை வாங்காதீர்கள். நர்சரி நிழலிலிருந்து உங்கள் முற்றத்துக்கு வந்ததும் மொட்டெல்லாம் கொட்டிவிடும், நீங்கள் பதறி எதையாவது செய்வீர்கள். இலை அடர்த்தியாக, நுனியில் இளந்தளிர் உள்ள செடியே போதும்.

2. மாதத்தைத் திருப்பிப் போடுங்கள்

தமிழில் கிடைக்கும் தோட்டக் குறிப்புகள் பெரும்பாலும் தமிழ்நாட்டுக்கு எழுதியவை. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதை இங்கே நம்பினால் காரியம் கெட்டது. டர்பனில் ஆடி என்றால் வறண்ட குளிர்காலத்தின் நடு.

நம் மழை அக்டோபர் முதல் மார்ச் வரை. கடற்கரைப் பக்கம் நடுவதற்கு நல்ல காலம் மார்ச், ஏப்ரல். மண் இன்னும் சூடாக இருக்கும், வெயில் தணிந்திருக்கும், வேர் ஓட நேரம் கிடைக்கும். அது தவறினால் செப்டம்பர். டிசம்பர், ஜனவரியில் நடாதீர்கள். லெனேசியா, லாடியம் போன்ற உள்நாட்டு மேட்டுப் பகுதிகளில் இருப்பவர்கள் உறைபனி முடிந்த பிறகு, செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோதான் நட வேண்டும். அங்கே முதல் இரண்டு குளிர்காலத்துக்கு இரவில் சாக்குத் துணியால் செடியைப் போர்த்தி, காலையில் எடுத்துவிடுங்கள்.

3. இடம் பார்ப்பது

காலை வெயில் நான்கு மணி நேரம், மதியத்துக்கு மேல் நிழல். இதுதான் கணக்கு. வீட்டின் கிழக்குப் பக்கம் இதற்கு வாகாக அமையும்.

இங்கேதான் இன்னொரு திருப்பம். நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறக்குறைய 30 டிகிரியில் இருக்கிறோம், சூரியன் வடக்கே சாய்ந்து போகும். ‘தெற்கு பார்த்த இடம் நல்ல வெயில்’ என்று ஊரில் சொன்னதை இங்கே செய்தால் குளிர்காலம் முழுக்கச் செடி நிழலில் கிடக்கும், அடுத்த பருவத்தில் பூ குறையும். மேற்குச் சுவரோரம் அதைவிட மோசம், மதிய வெயிலில் சுவர் தோசைக்கல் மாதிரி சுடும்.

கடலைப் பார்த்த வீடாக இருந்தால் உப்புக்காற்று படாமல் ஒரு தட்டியோ வேறு செடியோ முன்னால் இருக்கட்டும்.

அப்புறம் மதில். எந்தச் சிமெண்ட் சுவரிலிருந்தும் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி நடுங்கள். என் முதல் இரண்டு செடியும் போனது இதனால்தான். மூன்றாவதை நடுவதற்கு முன் பழைய குழியைத் தோண்டிப் பார்த்தேன். ஒரு சாண் ஆழத்தில் உடைந்த பிளாக்குத் துண்டும், காய்ந்த சாந்தும், கைப்பிடி கைப்பிடியாக வந்தது. மதில் கட்டியவர்கள் மிச்சத்தை அங்கேயே போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். சாந்திலிருந்து சுண்ணாம்பு கரைந்து மண்ணைக் காரமாக்கும், கார்டீனியாவுக்கு அது விஷம். மேட்டு நிலத்தில் தடுப்புச் சுவர் கட்டிய வீடுகளில் எல்லாம் இதை ஒருமுறை தோண்டிப் பார்ப்பது நல்லது.

4. மண்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

கார்டீனியாவுக்கு அமில மண் வேண்டும். பிஎச், அதாவது மண் அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 5 முதல் 6 வரை இருந்தால் நிம்மதி, 6.5 தாண்டினால் தொல்லை. காரணம் இரும்பு. மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் கார மண்ணில் அது கரையாத வடிவமாகிவிடும், வேரால் உறிஞ்ச முடியாது. சோறு மேசையில் இருக்கிறது, கை எட்டவில்லை என்பது போல. அந்த நிலையில் எத்தனை மூட்டை உரம் போட்டாலும் இலை வெளுத்துக்கொண்டேதான் போகும்.

அதனால் நடுவதற்கு முன், நர்சரியில் கிடைக்கும் பிஎச் சோதனைப் பெட்டியை வாங்கி மண்ணைப் பாருங்கள். மேல்மண்ணை எடுக்காதீர்கள், ஒரு சாண் கீழேயிருந்து எடுங்கள். 6.5க்குக் கீழே வந்தால் அமிலக் கம்போஸ்ட் கலந்தால் போதும். அசேலியா, கமீலியா செடிகளுக்கென்று விற்பதுதான் அது. 7 வந்தால் கந்தகத் தூள் கலக்க வேண்டும். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் கந்தகத்தை அமிலமாக மாற்ற மாதக்கணக்கில் ஆகும் என்பதால் அதை நடுகிற நாளில் கலந்து பயனில்லை, மூன்று மாதம் முன்பே கலந்து ஈரமாக வைத்திருங்கள். 7.5க்கு மேல் வந்தால் மண்ணோடு மல்லுக்கட்ட வேண்டாம். தொட்டியில் வையுங்கள்.

நம் வீட்டுப் பழக்கங்களில் சிலவற்றை இந்தச் செடிக்கு மட்டும் நிறுத்த வேண்டும். முட்டை ஓடு போடக்கூடாது. அடுப்புச் சாம்பல், ஹோமச் சாம்பல் கூடாது. இரண்டும் மண்ணைக் காரப் பக்கம் தள்ளும். என் பெரியம்மா பூஜை முடிந்ததும் சாம்பலைப் பூச்செடிக்குத்தான் போடுவார், செடிக்கும் பிரசாதம் என்பார். ரோஜா வாங்கிக்கொண்டது, கார்டீனியா வாங்கவில்லை. அரிசி கழுவிய தண்ணீர் கெடுதல் செய்யாது, ஆனால் எதையும் சரிசெய்யவும் செய்யாது. காபிச் சக்கை போடுகிறவர்களும் உண்டு. வடித்த சக்கையில் அமிலம் அவ்வளவாக மிச்சமில்லை, கம்போஸ்ட் குவியலில் போடுங்கள்.

டர்பனின் பெரியா மேட்டுச் செம்மணல் உள்ள இடங்களில் தண்ணீர் நிற்காது, அது நல்லது. ஆனால் பெருமழையில் சத்தும் கூடவே இறங்கிப்போகும். அங்கே கம்போஸ்டைத் தோண்டிய மண்ணுக்குச் சரிபாதி கலக்கலாம். களிமண்ணாக இருந்தால் பைன் மரப்பட்டைத் துண்டு சேர்த்து, தரையைவிட ஒரு சாண் உயர்த்தி மேடை போட்டு நடுங்கள்.

தொட்டிக்கு: அமிலக் கம்போஸ்ட் இரண்டு பங்கு, பொடித்த பைன் பட்டை ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு. கடற்கரை மணல் எடுக்கக்கூடாது, அதில் உப்பும் சிப்பித் தூளும் உண்டு.

5. நடுவது

செடியைப் பையோடு ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கி வையுங்கள். குமிழி வருவது நிற்கும் வரை இருக்கட்டும். உலர்ந்த வேர்க்கட்டியை அப்படியே நட்டால், பிறகு ஊற்றும் தண்ணீர் சுற்றியுள்ள மண்ணுக்குப் போகுமே தவிர நடுவே இறங்காது.

குழி அகலத்தில் பையைப் போல இரண்டு மடங்கு, ஆழத்தில் பையின் அளவே. ஆழமாகத் தோண்டி நிரப்பினால் மண் அமுங்கிச் செடி கீழே இறங்கிவிடும், தண்டின் அடி மண்ணுக்குள் போய் அழுகும். நட்டு முடித்ததும் வேர்க்கட்டியின் மேற்புறம் தரையைவிட இரண்டு விரல் உயரமாக இருக்க வேண்டும்.

பச்சைச் சாணியோ கோழி எருவோ குழியில் வேண்டாம். இந்த வேர் மெல்லியது, வெந்துவிடும்.

நட்டதும் சுற்றிலும் பைன் பட்டையோ காய்ந்த பைன் ஊசி இலையோ நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு கை அகலம் விடுங்கள். வேர் மேலாகவே ஓடும் செடி என்பதால் இந்த மூடாக்கு அவசியம். களை வந்தால் கையால் பிடுங்குங்கள், மண்வெட்டி கிட்டே போகக்கூடாது. ஹாடிடா பறவைகள் புழு தேடி மூடாக்கை எல்லாம் கிளறிப் போடும். நான் நான்கு குச்சி நட்டு மேலே கோழி வலை விரித்திருக்கிறேன்.

6. தண்ணீர்

விரலை மண்ணில் இரண்டாம் கணு வரை விடுங்கள். ஈரம் பட்டால் விட்டுவிடுங்கள், உலர்ந்திருந்தால் ஊற்றுங்கள். வளர்ந்த செடிக்கு ஒரு வாளி, நிதானமாக. தினமும் ஒரு சொம்பு தெளிப்பதில் பயனில்லை, அது மேல் மண்ணோடு நின்றுவிடும்.

மழைக்காலத்தில் நீங்கள் ஊற்ற வேண்டிய நாள் குறைவு. செடியைக் கொல்வது ஜூலை முதல் செப்டம்பர் வரைதான். அப்போது மழையில்லை, ஆகஸ்ட் காற்று அடிக்கும், நடுவில் மலைப்பக்கமிருந்து பெர்க் காற்று சூடாக இறங்கும். ஒரே நாளில் இலை துவளும். மொட்டு கட்டியிருக்கும் காலமும் அதுவே. அந்த வாரங்களில் இரண்டு நாளுக்கு ஒருமுறை மண்ணைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஜோஜோ டாங்கில் பிடித்த மழைநீர் இருந்தால் அதை முதலில் இந்தச் செடிக்குக் கொடுங்கள், துணி துவைக்கக் குழாய்த் தண்ணீர் போதும். மழைநீரில் சுண்ணாம்பு இல்லை. துணி துவைத்த நீர், பாத்திரம் கழுவிய நீர் இரண்டும் கூடாது, சோப்பு நீர் காரத்தன்மை உள்ளது.

7. இலை மஞ்சளானால்

பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். “அண்ணா, இலையெல்லாம் மஞ்சளாகுது, என்ன உரம் போடட்டும்?”

“உரத்தை விடும்மா. எந்த இலை மஞ்சள், புதுசா பழசா? போய்ப் பார்த்துட்டுச் சொல்லு.”

இந்த ஒரு கேள்விதான் பாதி வைத்தியம்.

நுனியில் உள்ள புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை: இரும்பு எட்டவில்லை. மறுபடி பிஎச் பாருங்கள். உடனடி உதவிக்கு இரும்பு கீலேட் (வேர் உறிஞ்சக்கூடிய வடிவில் உள்ள இரும்பு) கரைசலை வேருக்கு ஊற்றலாம், ஆனால் மண்ணைச் சரிசெய்யாவிட்டால் இரண்டு மாதத்தில் பழைய கதைதான். துருப்பிடித்த ஆணியைப் புதைப்பது வீண், அந்த இரும்பும் கரையாது.

ஜூலை, ஆகஸ்டில் மட்டும் புது இலை வெளுத்தால் கொஞ்சம் பொறுங்கள். மண் குளிர்ந்திருக்கும்போது வேர் சோம்பிக் கிடக்கும், இரும்பை எடுக்காது. மண் சூடேறினால் தானாகவே பச்சை திரும்பும்.

அடியில் உள்ள பழைய இலையின் ஓரம் மஞ்சள், காம்புப் பக்கம் முக்கோணமாகப் பச்சை: மக்னீசியம் குறைவு. ஐந்து லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி எப்சம் உப்பு கரைத்து ஊற்றுங்கள், ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை.

வசந்தத்தில் உள்ளே இருக்கும் சில பழைய இலைகள் முழு மஞ்சளாகி விழும். அது செடி பழசைக் கழிப்பது. விட்டுவிடுங்கள்.

பச்சையாகவே துவண்டு, மண் ஈரமாகவும் இருந்தால் வேர் அழுகல். தொட்டிச் செடியென்றால் வெளியே எடுத்து, கறுத்த வேரை வெட்டி, புது மண்ணில் வையுங்கள். தரையில் என்றால் பிழைப்பது கடினம்.

மணல் மண்ணில் செடி காரணமில்லாமல் தேங்கி நின்றால், ஓரமாகச் சிறு வேரை எடுத்துப் பாருங்கள். கடுகு போல முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இதற்காகவே நம் நாட்டுத் துன்பெர்ஜியாவை அடிக்கட்டையாக வைத்து ஒட்டுக் கட்டுகிறார்கள். நாம் செய்யக்கூடியது, தொட்டிக்கு மாற்றுவது.

8. உரம்

இங்கே உரப் பையில் மூன்று எண் இருக்கும்: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, அந்த வரிசையில். எல்லார் வீட்டிலும் 2:3:2 கிடக்கும் என்பதால் அதையே அள்ளிப் போடுவார்கள். அதில் நடு எண், மணிச்சத்து, அதிகம். அது மண்ணில் கூடினால் இரும்பை இன்னும் கட்டிப்போடும். 3:1:5 வாங்குங்கள், அல்லது அசேலியா உரம்.

ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி, ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை, மார்ச் வரை. பையில் சொன்ன அளவில் பாதி. தண்ணீர் விட்டு, உரம் தூவி, மறுபடி தண்ணீர். ஏப்ரலுக்கு மேல் போடாதீர்கள், குளிரில் வரும் இளந்தளிர் கருகும்.

9. மொட்டு கொட்டினால்

அதிகம் அழவைப்பது இது. பட்டாணி அளவு மொட்டு நூறு இருக்கும், ஒன்றும் விரியாது. காரணங்களை இந்த வரிசையில் தேடுங்கள்.

முதலில் தண்ணீர். ஒரு வாரம் காய விட்டு அடுத்த வாரம் குளமாக்கினால் செடி முதலில் கழற்றிவிடுவது மொட்டைத்தான். அடுத்து இடமாற்றம். தொட்டியைத் தீபாவளிக்கு வாசலில் அழகாக வைக்கலாம் என்று நகர்த்துவார்கள், ஒரே வாரத்தில் எல்லாம் விழும். மொட்டுத் தெரிந்த பிறகு தொட்டியைத் திருப்பக்கூட வேண்டாம். மூன்றாவது, அதிக உரம்.

நான்காவது சூடு. இரவு 18 டிகிரிக்குக் கீழே இறங்கும் காலத்தில்தான் மொட்டு நன்றாகக் கட்டும். டர்பனில் ஜனவரி, பிப்ரவரி இரவுகள் 20 டிகிரியைத் தாண்டும், அப்போது விழுவதை யாராலும் தடுக்க முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்குப் பூக்காலம், அதில் கிடைப்பதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கீழே விழாமல் மொட்டு மாயமானால் குரங்கு. காம்பில் கடித்த தடம் இருக்கும். வலை போட்டுப் பாருங்கள், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பூவைப் பறிப்பதற்கும் ஒரு முறை உண்டு. விடிகாலையில், காம்பைப் பிடித்துக் கிள்ளுங்கள். இதழில் விரல் பட்ட இடம் மதியத்துக்குள் பழுப்பாகிவிடும். ஊசியில் கோத்து மாலை கட்டினாலும் அப்படித்தான். சாமி படத்துக்கு முன் சொம்புத் தண்ணீரில் மிதக்க விடுங்கள், இரண்டு நாள் வாசம் இருக்கும்.

10. கவாத்து

ஜனவரியில், பூ முடிந்த கையோடு. பிப்ரவரிக்கு மேல் கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம். அடுத்த வருஷ மொட்டு இந்தக் கோடையில் வளரும் கிளையின் நுனியில்தான் கட்டும். ரோஜாவோடு சேர்த்து ஜூலையில் இதையும் வெட்டிவிட்டு, நவம்பரில் பூ இல்லையே என்று கேட்பவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். பழுப்பான பூவை மட்டும் அவ்வப்போது கிள்ளலாம்.

11. பூச்சி

இலையில் கறுப்புப் புகை படிந்த மாதிரி இருந்தால் அதைத் துடைப்பது இரண்டாவது வேலை. இலையைத் திருப்புங்கள். வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, செதில் பூச்சி, மூன்றில் ஒன்று இருக்கும். அவை கழிக்கும் இனிப்பு நீரில் வளரும் கரும்பூசணம்தான் அந்தக் கறுப்பு. எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள், இனிப்புக்காக அது பூச்சிகளைக் காவல் காக்கும்.

குழாயைப் பீய்ச்சி இலையின் அடிப்புறத்தைக் கழுவுங்கள். அடுத்த நாள் மாலை, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்பும் கலந்து தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். வெயிலில் தெளித்தால் எண்ணெய் இலையைப் பொசுக்கும்.

ஓர் இரவில் இலை பாதி காணாமல் போனால், வாலில் கொம்புள்ள பச்சைப் புழுவைத் தேடுங்கள். தேனீ மாதிரி கண்ணாடிச் சிறகோடு பகலில் பறக்கும் பருந்து விட்டிலின் குஞ்சு அது. கையால் எடுத்துத் தூரப் போட்டால் போதும், மருந்து வேண்டாம்.

12. குச்சி நடுவது

கவாத்தில் வெட்டியதை வீணாக்காதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். முழுப் பச்சையும் இல்லாமல் முழு மரமும் ஆகாமல், வளைத்தால் வளைந்து பிறகு ‘டப்’பென்று ஒடியும் பதத்தில் உள்ள கிளையை எடுங்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான துண்டு, கணுவுக்குக் கீழே வெட்டு. நுனியில் இரண்டு ஜோடி இலை போதும், பெரிய இலையைப் பாதியாகக் கத்தரியுங்கள். வேர் இல்லாத குச்சியால் அத்தனை இலைக்கும் தண்ணீர் இழுக்க முடியாது.

வேர் ஊக்கித் தூளில் தோய்த்து, தென்னை நார்த்தூளும் ஆற்று மணலும் சமமாகக் கலந்த சிறு தொட்டியில் நட்டு, இரண்டு லிட்டர் பாட்டிலின் அடியை வெட்டி மேலே கவிழுங்கள். நேர் வெயில் படக்கூடாது. ஆறு வாரம் கழித்து லேசாக இழுத்துப் பாருங்கள். பிடி கொடுத்தால் வேர் விட்டிருக்கிறது, பாட்டில் மூடியை முதல் வாரம் திறந்து வைத்து, அடுத்த வாரம் பாட்டிலை எடுத்துவிடுங்கள். சும்மா வந்துவிட்டால் வருத்தப்படாமல் வேறு குச்சி செருகுங்கள். நான் எப்போதும் ஆறு நடுவேன், மூன்று பிழைக்கும்.

முதல் குளிர்காலம் முழுக்க அவை தொட்டியிலேயே, சுவர் நிழலில் இருக்கட்டும். முதல் வருஷம் மொட்டு வந்தாலும் கிள்ளிவிடுங்கள், அந்தப் பலம் வேருக்குப் போகும். தரையில் இறக்குவது அடுத்த மார்ச்சில்.